லாக்ஸ்டன்: வேலியில்லாத வயலும் வருஷம் ஒருமுறை கூடும் கோர்ட்டும்

செம்மண்காடு:
வேலை விஷயமாகச் சில மாதங்கள் நாட்டிங்ஹாமில் இருக்கப்போகிறேன். அரண்மனை, மியூசியம் எல்லாம் ஓரளவு பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை ஒரு சின்னக் கிராமத்தை, அதன் பழைய கதையைத் தெரிந்துகொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கூட வேலை செய்பவர் லாக்ஸ்டன் என்றார். இணையத்தில் படங்களைத் தேடினேன். ஒரு சர்ச், செங்கல் வீடுகள், ஒரு பப், மிச்சமெல்லாம் வெறும் வயல். இதில் என்ன விசேஷம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிரெண்ட்கரை:
உங்கள் நண்பர் விஷயம் தெரிந்தவர். நான் நியூவார்க்கில் இருக்கிறேன், அங்கிருந்து வடமேற்கே பத்து மைல்போல வரும். மக்கள்தொகை சுமார் 250 பேர்.

விசேஷம் அந்த "வெறும் வயலில்"தான் இருக்கிறது. இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க விவசாயம் எப்படி நடந்ததோ, அந்த முறை இன்னும் நடப்பில் இருக்கிற ஒரே கிராமம் இது. திறந்த வயல் முறை என்பார்கள். ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். ஒவ்வொரு வயலும் பல நீளக் கீற்றுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு விவசாயியின் நிலம் ஒரே இடத்தில் இருக்காது. மூன்று வயல்களிலும் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். நடுவில் வேலி கிடையாது, நம்ம ஊர் மாதிரி வரப்பும் கிடையாது. ஒருத்தர் உழவு முடிகிற சால்தான் அடுத்தவர் எல்லை.

வரிசை இதுதான்: ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் ஒரு படி நகரும். இப்போது தரிசு என்று சும்மா விடுவதில்லை, புல்லோ தீவனமோ போடுகிறார்கள். ஆனால் எந்த வயலுக்கு எது என்பது தனி ஆள் முடிவு இல்லை. இந்த வருஷம் மேற்கு வயல் கோதுமை என்றால், அங்கே கீற்று வைத்திருக்கிற எல்லோரும் கோதுமைதான்.

இதைக் கண்காணிக்க ஒரு கோர்ட் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஒரே பதிவில் அடங்காது.

புல்லாங்குழல்:
நாட்டிங்ஹாம் என்றதும் ராபின் ஹூட் வருவார் என்று பார்த்தால் கோதுமை வருகிறது!

டிரெண்ட்கரை:
அவரும் வருவார், எதிர்க்கட்சிப் பக்கத்திலிருந்து. லாக்ஸ்டன் ஊருக்கு வடக்கே ஒரு கோட்டை மேடு இருக்கிறது. நார்மன் காலத்து மண்மேட்டுக் கோட்டை, கட்டடம் எதுவும் மிச்சமில்லை, ஆனால் மேடும் அகழியும் நன்றாகத் தெரியும். நாட்டிங்ஹாம்ஷரில் இந்த வகையில் மிகச் சிறப்பாகத் தப்பிப் பிழைத்தது இதுதான். 12-ஆம் நூற்றாண்டில், ராபின் ஹூட் ஒளிந்திருந்ததாகக் கதை சொல்கிற ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவலர்களுக்கு இதுதான் தலைமையிடம். மான் திருடியவனைப் பிடிக்கிற ஆட்கள். பின்னாளில் அந்தப் பொறுப்பு எவரிங்ஹாம் குடும்பத்துக்குப் போனது. அவர்கள் சிலைகள் ஊர்ச் சர்ச்சில் படுத்த நிலையில் இருக்கின்றன. அதில் ஒன்று மரத்தில் செதுக்கிய பெண் உருவம். சர்ச்சுக்குள் போனால் அதை விட்டுவிடாதீர்கள், கல் சிலைகளுக்கு நடுவில் சுலபமாகக் கண் தப்பிவிடும்.

மேழி:
வணக்கம். நான் விவசாயி. ஒரு கேள்வி. ஒருவர் நிலம் பத்து இடத்தில் சிதறிக் கிடந்தால் டீசல் செலவு, நேரச் செலவு எல்லாம் என்ன ஆவது? ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா? இங்கிலாந்துக்காரன் இவ்வளவு சிரமப்பட்டு இதை வைத்திருக்கக் காரணம் என்ன?

நூலகவாசி:
நீங்கள் கேட்டதை அங்கே பல தலைமுறை கேட்டாகிவிட்டது, ஐயா. பெரும்பாலான கிராமங்கள் "சேர்த்துக்கொள்வோம்" என்றுதான் முடிவெடுத்தன. அதாவது நிலம் அதிகம் வைத்திருந்தவர்கள் முடிவெடுத்தார்கள். அந்த நிகழ்வுதான் வேலியடைப்பு. 1604-க்கும் 1914-க்கும் நடுவில் பார்லிமெண்ட் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களைப் போட்டது. சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதுபோக, சட்டம் இல்லாமல் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு அடைத்தது தனி.

சிதறிய கீற்றுகள் ஏன் வந்தன என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. 1930-களில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்ல்ஸ் ஆர்வினும் அவர் மனைவி கிறிஸ்டபெலும் லாக்ஸ்டனை ஆராய்ந்தார்கள். அவர்கள் கட்சி: இது சமத்துவக் கொள்கையால் வந்ததல்ல, ஏர் வேலையின் கட்டாயத்தால் வந்தது. கனமான ஏரை, நிறைய மாடு பூட்டி இழுக்கும்போது திருப்புவது கஷ்டம், அதனால் நீளமான துண்டு. ஊர் கூடி உழும்போது அன்றன்றைக்கு உழுத பகுதி ஆளுக்கு ஒன்றாகப் போகும், அதனால் சிதறல். 1970-களில் பொருளியல் வரலாற்றாளர் டீர்ட்ரி மெக்ளாஸ்கி வேறு மாதிரிச் சொன்னார்: இது ஒரு வகைக் காப்பீடு. பள்ளத்தில் தண்ணீர் நின்று பயிர் அழுகினாலும் மேட்டுத் துண்டு கை கொடுக்கும். மேடு காய்ந்தால் பள்ளம் விளையும். விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் பட்டினி கிடக்க வேண்டாம்.

எனக்கு ஆர்வின் தம்பதியர் சொல்வதுதான் தொடக்கத்தை விளக்குகிறது என்று தோன்றுகிறது. இவ்வளவு நூற்றாண்டு ஏன் நீடித்தது என்பதற்கு மெக்ளாஸ்கி பதில் வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள் இல்லை.

மேழி:
மேட்டுத் துண்டு, பள்ளத் துண்டு விஷயம் சரி. அதை விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டீசல் கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

டிரெண்ட்கரை:
மேழி ஐயா, அங்கேயும் பாதி வழி இறங்கி வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீற்றுகளை மாற்றிச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். கிழக்கு வயல் என்று நான்காவதாகச் சின்ன வயல் ஒன்று இருந்தது, அதையும் அந்தக் காலகட்டத்தில் அடைத்துவிட்டார்கள். இன்று ஒரு கீற்றில் கம்பைன் அறுவடை இயந்திரம் தாராளமாகப் போய் வரும். திறந்த வயல்கள் மொத்தம் 500 ஏக்கர் அளவுக்குத்தான். ஊரின் மிச்ச நிலம் மற்ற இடங்கள் மாதிரி வேலி போட்டதுதான், குடும்ப வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்து வரும்.

முழுக்க ஏன் அடைக்கவில்லை? பரவலாகச் சொல்லப்படும் காரணம் இது. நிலத்தின் பெரும்பகுதி மேன்வர்ஸ் பிரபுவிடம். ஆனால் ஸ்கார்பரோ பிரபுவின் நிலமும் ஊடே ஊடே கலந்து கிடந்தது. இவர்களைத் தவிரச் சின்னச் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி பங்கு பிரிக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் செய்யலாம் என்று வரும்போது தானிய விலை சரிந்து, வேலி போடுகிற செலவு கட்டுப்படியாகாத காலம் வந்துவிட்டது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிற எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. இரண்டு பெரிய மனிதர்களுக்குள் இருந்த இழுபறி காப்பாற்றியது.

புல்லாங்குழல்:
பங்காளித் தகராறில் ஒரு ஊர் தப்பித்தது என்று முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன்.

கணக்கப்பிள்ளை:
நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். லாக்ஸ்டன் பெயரை எங்கள் தொழிலில் சிலருக்குத் தெரியும், காரணம் ஒரு வரைபடம்.

1635-இல் மார்க் பியர்ஸ் என்கிற அளவையாளர் ஊரை முழுக்க அளந்து வரைந்தார். ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாக, அது யாருடையது என்று கூடவே பதிவேடும் போட்டுக் கொடுத்தார். அந்த வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வெறும் கோடுகள் இல்லை. உழுகிறவன், அறுக்கிறவர்கள், வேட்டை நாய்களோடு போகிற கூட்டம் எல்லாம் வயலுக்குள் குட்டிக் குட்டியாக வரைந்திருப்பார். சங்கிலியும் கோலும் வைத்துக்கொண்டு இத்தனை ஆயிரம் துண்டுகளை அளந்தவருக்குப் படம் வரையவும் பொறுமை இருந்திருக்கிறது.

அளக்கச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வியாபாரி. ஊரை விலைக்கு வாங்கியவர். 1627-இல் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேறியதற்குப் பணம் போட்டவரும் இவரே. இப்படி ஒரு ஆள் கிராமம் வாங்கினால் முதல் வேலையாகக் கணக்கெடுப்பார், யாரிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்று பார்ப்பார். அழகான படம்தான், ஆனால் அது குத்தகை வசூலுக்காக வரைந்தது என்பதை மறக்கக் கூடாது. படம் முடிந்த அடுத்த வருஷமே கோர்ட்டன் இறந்துவிட்டார், ஊர் பியர்பாண்ட் குடும்பத்தின் கைக்குப் போனது. அவர்கள் வாரிசுகள்தான் பின்னால் மேன்வர்ஸ் பிரபுக்கள்.

செம்மண்காடு:
அருமை. டிரெண்ட்கரை, அந்தக் கோர்ட் பற்றி எழுதுகிறேன் என்றீர்களே?

டிரெண்ட்கரை:
வருகிறேன். பெயர் கோர்ட் லீட். இடைக்காலத்தில் ஒவ்வொரு பிரபுவின் பண்ணைக்கும் இப்படி ஒரு மன்றம் இருந்தது. இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

நவம்பர் கடைசி வாக்கில் ஜூரி நாள். அதற்குள் குளிர்காலக் கோதுமை விதைத்து முளைவிட்டிருக்கும். ஜூரியாக இருக்கிற ஊரார் பன்னிரண்டு பேரும், அவர்களுக்குத் தலைவர் ஒருவரும் டிராக்டர் டிரெய்லரில் ஏறி அந்த வருஷக் கோதுமை வயலுக்குப் போவார்கள். டிரெய்லரில் கட்டுக் கட்டாக மரமுளைகள். ஒரு கீற்றின் ஓரத்துக்குப் போய், ஒருத்தர் இந்த முனையில் நிற்பார், இன்னொருத்தர் எதிர் முனையில். சாலோடு கண்ணை ஓட்டிப் பார்த்து, "கொஞ்சம் உன் பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி எல்லையில் முளை அடிப்பார்கள். கீற்று கீற்றாக இப்படியே. பக்கத்துக் கீற்றில் ஒரு சால் அதிகமாக உழுதிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பொதுப் பாதையை அரித்து உழுதிருக்கிறார்களா, வாய்க்கால் அடைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். யாருடைய கீற்று என்று கேட்கவே தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். சில சமயம் தப்பு செய்தவரே டிரெய்லரில் இருப்பார். அப்போது வரும் கிண்டலும் சிரிப்பும் தனி.

பிறகு டவ்கோட் விடுதியில் சாப்பாடு, ஒரு பானம். யாருக்கு என்ன அபராதம் என்று அங்கே பேசி முடிவு செய்வார்கள்.

அடுத்த வாரம் அதே விடுதியில் கோர்ட் முறைப்படி கூடும். ஸ்டூவர்ட் என்கிற கோர்ட் அதிகாரி தலைமை தாங்குவார், அவரை நியமிப்பது நில உரிமையாளர். பெய்லிஃப் என்கிற ஊழியர் கூட்டத்தை அழைப்பார். ஜூரியின் அறிக்கை வரும், அபராதம் உறுதியாகும், அடுத்த வருஷத்துக்குப் புது ஜூரி பிரமாணம் எடுக்கும். அபராதத் தொகை பெரிசில்லை, பையில் கிடக்கிற சில்லறை மாதிரி. பணத்தை விட, பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் பெயர் படிக்கப்படுவதுதான் உறைக்கும்.

வெண்மதி:
இது சடங்கா, சட்டமா? நம் ஆட்கள் சிலர் எதையும் "பாரம்பரியம்" என்று பூச்சூட்டிவிடுவார்கள், அதனால் கேட்கிறேன்.

நூலகவாசி:
சட்டம்தான் அக்கா, அதில்தான் சுவாரசியம். 1977-இல் நீதி நிர்வாகச் சட்டம் ஒன்று வந்தது. நாடு முழுக்க மிச்சமிருந்த பழைய பண்ணைக் கோர்ட்டுகளின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை அது எடுத்துவிட்டது. சும்மா கூடலாம், சடங்கு நடத்தலாம், அவ்வளவுதான். ஆனால் விதிவிலக்குப் பட்டியலில் லாக்ஸ்டன் கோர்ட் லீட்டின் பெயர் இருக்கிறது. வேறு ஊர்களில் கோர்ட் லீட் என்று அங்கி போட்டு ஊர்வலம் போவார்கள், ரொட்டி எடை பார்ப்பதாக நடிப்பார்கள். இங்கே போடுகிற அபராதம் நிஜ அபராதம்.

திறந்த வயல் மட்டும் என்றால் வேறு இடங்களிலும் உண்டு. டெவனில் பிரான்டன் பெருவயல், லிங்கன்ஷரில் ஆக்ஸ்ஹோம் தீவுப் பகுதி. அங்கேயும் கீற்றுகள் இருக்கின்றன. ஆனால் ஊர் முழுக்க ஒரே பயிர்ச் சுழற்சியில் போவதும், அதை ஒரு கோர்ட் மேற்பார்ப்பதும் லாக்ஸ்டனில் மட்டும்தான்.

1968-இல் காரெட் ஹார்டின் என்கிற உயிரியலாளர் பொதுநிலத்தின் சோகம் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பிரபலம். பொதுமேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக ஓட்டிவிடுவான், நிலம் நாசமாகும் என்பது வாதம். லாக்ஸ்டன் மாதிரி ஊரை அவர் ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். பொது என்றால் காவல் இல்லாதது என்று அவர் நினைத்துக்கொண்டார். இந்த ஊரில் எத்தனை மாடு விடலாம், எந்த நாளிலிருந்து விடலாம் என்பதற்கெல்லாம் விதி இருந்தது, மீறினால் அபராதம் இருந்தது. ஊர் கூடித் தானே விதி செய்துகொண்டு பொதுச்சொத்தைக் காக்க முடியும் என்று காட்டியதற்காகத்தான் 2009-இல் எலினர் ஆஸ்ட்ரமுக்குப் பொருளியல் நோபல் கொடுத்தார்கள்.

கணக்கப்பிள்ளை:
கொஞ்சம் நிறுத்துங்கள் நூலகவாசி. கிராம ஜனநாயகம் என்று ரொம்பவும் கொண்டாட வேண்டாம். ஸ்டூவர்ட் யார் ஆள்? நிலப்பிரபுவின் ஆள். ஜூரியில் உட்காருகிறவர்கள் யார்? குத்தகை நிலம் வைத்திருக்கிறவர்கள். கூலிக்கு உழுதவனுக்கு அந்த மேசையில் என்ன இடம்? அளவைப் பதிவேடுகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பதிவேட்டில் பெயர் இல்லாதவன்தான் எந்த ஊரிலும் அதிகம். லாக்ஸ்டன் விதிவிலக்கு என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நூலகவாசி:
ஒப்புக்கொள்கிறேன், பாதி. மேசையில் இடம் இல்லாதவனுக்கும் திறந்த வயலில் சில கதவுகள் திறந்திருந்தன. பொதுநிலத்தைப் பயன்படுத்தும் உரிமை (பொது உரிமை என்பார்கள்) சேர்ந்த குடிசை ஒன்று கையில் இருந்தால் ஒரு பசு மேய்க்கலாம். அறுவடைக்குப் பிறகு கதிர் பொறுக்கலாம். வேலி அடைத்த ஊரில் அதுவும் போயிற்று. வேலியடைப்பில் பெரியவனுக்கு நிலம் கிடைத்தது, நடுத்தரக்காரனுக்கு வேலிச் செலவு கிடைத்தது, கடைசி ஆளுக்கு நகரத்துக்குப் போகிற பாதை கிடைத்தது. நியாயமான சமுதாயம் என்று நான் சொல்லவில்லை. அடுத்து வந்தது இதைவிட மோசம் என்றுதான் சொல்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
விளைச்சல் கூடியதே, அதையும் சொல்லுங்கள். பெருகிய ஜனத்தொகைக்குச் சோறு போட்டது எது?

நூலகவாசி:
கூடியது. எவ்வளவு கூடியது, வேலியால் கூடியதா புதுப் பயிர்களால் கூடியதா என்பதில் இன்றும் அடிதடி. லாக்ஸ்டன் மாதிரி ஊர்களிலும் க்ளோவர் என்கிற தீவனப் பயிர் போட்டார்கள், பட்டாணி போட்டார்கள். வேலி போட்டால்தான் புத்தி வரும் என்று இல்லை. இதற்குத் தனித் திரி போடலாம் ஐயா, இங்கே வேண்டாம்.

வெண்மதி:
நான் நாட்டிங்ஹாமில் நர்ஸாக இருக்கிறேன். வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனோம். உண்மையைச் சொல்கிறேன், பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் "இங்கே என்ன இருக்கு அம்மா" என்று கேட்டுவிட்டார்கள். வேலி இல்லாமல் அகலமாகப் பரந்த வயல். கிழக்கு இங்கிலாந்தில் பெரிய கம்பெனிகள் விவசாயம் செய்கிற இடங்கள் மாதிரியே இருந்தது. பக்கத்து ஊர்களில்தான் முள்வேலியும் சின்னச் சின்னச் சதுர வயலும், காலண்டர் படம்போல. அந்தச் சதுரங்கள் இருநூறு சொச்ச வருஷத்தவை, பழசு இந்த மொட்டை வயல் என்று புரியவே நேரம் பிடித்தது.

எனக்குப் பிடித்தது தெருதான். மற்ற ஊர்களில் பண்ணை வீடு வயலுக்கு நடுவே தனியாக இருக்கும். இங்கே பண்ணை வீடுகள் எல்லாம் ஊருக்குள், தெருவை ஒட்டி. நிறைய வீடுகள் முகப்பைக் காட்டாமல் பக்கவாட்டுச் சுவரைத் தெருவுக்குக் காட்டி நிற்கின்றன, பின்னால் நீளமாகத் தோட்டம். நிலம் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால் வீடு நடுவில் இருப்பதுதானே வசதி. டிராக்டர் வீட்டு வாசலிலிருந்து கிளம்பித் தெரு வழியாகப் போகிறது. பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்தது.

தெருவோரம் சின்ன அடைப்பு ஒன்றும் இருக்கிறது. தெருவில் சுற்றுகிற மாட்டைப் பிடித்து அடைக்கிற இடம்.

மேழி:
எங்கள் ஊரில் கொண்டித்தொழு என்போம். அபராதம் கட்டினால்தான் மாடு வெளியே வரும்.

வெண்மதி:
அதேதான். அங்கே அதற்கென்று ஒரு ஊழியரே இருந்தாராம். இன்னொன்று, ஊருக்கு வெளியே தேசிய ஹோலோகாஸ்ட் மையம் இருக்கிறது. 1995-இல் ஒரு குடும்பம் தங்கள் பண்ணை வீட்டில் தொடங்கியது. உள்ளே ரோஜாத் தோட்டம், ஒவ்வொரு செடியும் யாரோ ஒருவர் நினைவுக்கு. இவ்வளவு ஒதுக்குப்புறமான கிராமத்தில் அது இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை. செம்மண்காடு, நேரம் ஒதுக்கிப் போங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துப் போங்கள்.

செம்மண்காடு:
நன்றி வெண்மதி. இன்னொரு சந்தேகம். நிலம் இப்போது யாருடையது? அரசாங்கமா?

டிரெண்ட்கரை:
இங்கேதான் கவலையான பகுதி. 1952-இல் கடைசி மேன்வர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். திறந்த வயல் முறையைக் காப்போம் என்ற பொறுப்போடு அமைச்சகம் வாங்கியது. 1981-இல் அது கிரவுன் எஸ்டேட்டுக்கு, அதாவது அரசர் பெயரில் உள்ள பொதுச் சொத்துகளை நிர்வகிக்கிற அமைப்புக்குக் கைமாறியது, அதே பொறுப்போடு. 2018-இல் கிரவுன் எஸ்டேட் விற்கப்போகிறோம் என்றது. ஊரில் ஒரே பரபரப்பு. யாராவது முதலீட்டுக் கம்பெனி வாங்கி, இந்தக் கோர்ட்டும் சுழற்சியும் எதற்கு என்று கேட்டால்? கடைசியில் 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. அது யார்? பழைய மேன்வர்ஸ் குடும்பத்தின் எஸ்டேட்தான். சுமார் எழுபது வருஷம் அரசாங்கத்திடம் இருந்துவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது.

பலர் நிம்மதி அடைந்தார்கள். என் பார்வையில் ஆபத்து உரிமையாளரிடம் இல்லை. ஜூரிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒரு காலத்தில் ஊர் முழுக்க விவசாயிகள். இப்போது பண்ணைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் கீற்றுகள் ஏற்கெனவே இருக்கிற இன்னொருவருக்குப் போகின்றன. வீடு விற்பனைக்கு வந்தால் நகரத்தில் வேலை பார்க்கிறவர் வாங்குகிறார். முளை அடிக்கத் தெரிந்த கை குறைகிறது. நாலு பேர் மட்டும் விவசாயம் செய்கிற ஊரில் யார் யாருக்கு அபராதம் போடுவது?

மேழி:
இது எங்கும் உள்ள கதை. ஆனால் அவர்கள் மகன்களுக்கு இந்த முறையில் லாபம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரன் விலை பார்த்து எண்ணெய்விதை போடுகிறான், இவன் "இந்த வருஷம் இந்த வயல் தரிசு" என்று கட்டுப்பட்டு நிற்கிறான். உரிமையாளர் குத்தகையில் ஏதாவது விட்டுக் கொடுக்க வேண்டும். மக்கள் வந்து பார்த்து ரசிப்பதற்காக ஒருத்தன் வருஷா வருஷம் நஷ்டப்பட முடியாது. வயலைக் காப்பாற்றுவதற்கு முன்னால் விவசாயியைக் காப்பாற்ற வேண்டும்.

டிரெண்ட்கரை:
முழுக்க உடன்படுகிறேன் ஐயா. 500 ஏக்கர் மட்டும் இந்த முறையில் இருப்பதால்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

ஒரு சின்ன வருமானம் உண்டு, பெரிசில்லை. வயல்களுக்கு நடுவே உழ முடியாத பள்ளமும் சரிவுமான புல்தரைகள் இருக்கின்றன, சைக்ஸ் என்பார்கள். அதில் புல் அறுக்கும் உரிமையை வருஷா வருஷம் கோடையில் ஏலம் விடுவார்கள். பணம் பொது உரிமை உள்ளவர்களுக்குப் பங்காகப் போகும். ஏர் படாத, மருந்து படாத தரை என்பதால் மற்ற இடங்களில் மறைந்துபோன காட்டுப் பூச்செடிகள் அங்கே இருக்கின்றன. அரசு அதைச் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவித்திருக்கிறது. புல்லுக்கு ஏலம் எடுக்கிறவர் விதிப்படிதான் அறுக்க வேண்டும், நினைத்த நேரத்தில் முடியாது.

புல்லாங்குழல்:
புல்லுக்கும் ஏலம், மாட்டுக்கும் ஜெயில், உழவனுக்கும் கோர்ட். ஊர் முழுக்க வக்கீலாகத்தான் இருப்பார்கள் போல.

செம்மண்காடு:
எப்போது போவது நல்லது? ஜூரி நாளில் வெளியாள் போகலாமா?

டிரெண்ட்கரை:
வயல்களின் ஊடே பொது நடைபாதைகள் இருக்கின்றன, வருஷம் முழுக்க யாரும் நடக்கலாம். டவ்கோட் விடுதிக் கார் நிறுத்தத்திலேயே சின்னப் பார்வையாளர் கூடம் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போனால் வயலில் என்ன பார்க்கிறோம் என்று புரியும். பூக்கள் வேண்டுமென்றால் ஜூன். நிலம் பிரிந்திருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் உழவு முடிந்த இலையுதிர்காலம். அப்போது ஒவ்வொருவர் உழவும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், கீற்றுகள் தானாகப் பிரிந்து தெரியும்.

மண் கனமான களிமண், மழை பெய்தால் காலணியோடு பாதி வயல் வீட்டுக்கு வந்துவிடும். முழங்கால் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். பேருந்தை நம்ப வேண்டாம், கார் எடுத்துப் போங்கள். காரைப் பண்ணை வாசலில் நிறுத்தாதீர்கள், டிராக்டர் வெளியே வர முடியாது.

ஜூரி நாள் அவர்கள் வேலை நாள், சுற்றுலா நிகழ்ச்சி இல்லை. முன்கூட்டியே விடுதியில் கேட்டுக்கொள்வது மரியாதை. கோர்ட் கூடுகிற நாள் தேதியையும் அங்கேயே சொல்வார்கள்.

கணக்கப்பிள்ளை:
செம்மண்காடு தம்பி, ஜூரி நாளுக்குப் போக வாய்த்தால் எனக்காக ஒன்று பாருங்கள். முளையைச் சாலின் நடுவில் அடிக்கிறார்களா, ஒரு பக்கக் கரையிலா? நடுவில் அடித்தால் அடுத்த உழவில் முளை போய்விடும், கரையில் அடித்தால் ஒருத்தருக்கு அரை அடி லாபம். எல்லைக் கல் நட்ட நாளெல்லாம் எனக்கு வந்த சண்டை இந்த அரை அடிக்குத்தான். முடிந்தால் கிட்டப் போய் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.